சோப்புப் பானையைக் காட்டிக் கொடுத்தது யார்?

வரி அதிகாரி யாரிடமும் விசாரிக்கவில்லை. நேராக வாலுவின் வீட்டுக்குள் நுழைந்தார். அடுப்பில் எண்ணெயும் சாம்பல் தண்ணீரும் கொதித்துக்கொண்டிருந்தன. பானையை உடைத்துவிட்டுப் போனார்.

கடலுக்கு அப்பாலிருந்து ஆண்ட அரசு சோப்புக்கு வரி போட்டிருந்தது. முத்திரை குத்திய சோப்பைத்தான் வாங்க வேண்டும். ஊரில் யாரும் வாங்கவில்லை. வீட்டிலேயே ரகசியமாகக் காய்ச்சினார்கள்.

"எவனோ காட்டிக் கொடுக்கிறான்," என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு அத்தை குரலைத் தாழ்த்தினாள். "எவனோ என்ன எவனோ? தையல்காரர்தான். அதிகாரி கோட்டுக்கு யார் பட்டன் தைக்கிறது?"

"தையல்கார மாமா அப்படிப்பட்டவர் இல்லை," என்றாள் வாலு.

"ரெண்டு மிட்டாய் கொடுத்தா உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

"சாயந்தரம் கூட்டம். ஊரைவிட்டுப் போகச் சொல்லிடுவோம்," என்றார் அப்பா.

வாலு போனபோது தையல்கடையில் ஒரு துணிகூட இல்லை. தையல்காரர் வெறும் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ஏன் மாமா மிதிக்கிறீங்க?"

"மிதிக்காட்டி துருப்பிடிச்சிடும். நீ ஏன் வாசலோட நிக்கிற?"

வாலு உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அவளுக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அப்போது அதிகாரி தெருவில் வந்தார். வாலு பின்தொடர்ந்தாள். அவர் யாரிடமும் பேசவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். ரொட்டிக்காரர் வீட்டு முன் நின்று, உள்ளே நுழைந்தார். உள்ளே பானை உடையும் சத்தம் கேட்டது.

வாலுவும் அண்ணாந்து பார்த்தாள். மாடிக் கொடியில் சட்டைகள் பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தன.

கூட்டத்துக்கு அவளும் போனாள்.

"அப்பா, நாம முத்திரைச் சோப்பு வாங்கினோமா?"

"ஒரு துண்டுகூட இல்லை!" அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்போ உங்க சட்டை எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு? அதிகாரி கொடியைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறாரு."

எல்லோரும் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்தார்கள். ஓரமாக நின்ற தையல்காரர் சட்டை மட்டும் அழுக்காக இருந்தது. அவருக்கு யாருமே சோப்பு கொடுத்திருக்கவில்லை.

அப்பா தையல்காரர் பக்கம் திரும்பினார். "காலையில ஒரு சோப்புக் கட்டி கொண்டு வரேன்," என்றார்.

"அதோட துவைச்ச துணியையும் கொண்டு வாங்க," என்றார் தையல்காரர்.

மறுநாள் கொடியெல்லாம் கரித்துணி. அதிகாரி தெருவை இரண்டு முறை சுற்றினார். கழுத்து வலித்ததுதான் மிச்சம். பட்டன் தைக்கத் தையல்கடைக்கு வந்தார். உள்ளே சுவர் தெரியாமல் வெள்ளைச் சட்டைகள் தொங்கின.

"வியாபாரம் ஜோராப் போகுது போல?"

"எல்லாம் உங்க புண்ணியம், ஐயா," என்றார் தையல்காரர்.

மேசைக்கு அடியில் வாலு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தலையில் ஒரு ஈரச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.