இரண்டாவது கன்ட்ரோலர்

பெட்டிக்குள் கிடந்த இரண்டாவது கன்ட்ரோலருக்கு இன்னும் பேட்டரி போடவில்லை. அப்படியிருந்தும், அவர் பிடித்திருந்த முதல் கன்ட்ரோலர் அவருடைய உள்ளங்கையை மெல்ல அழுத்தியது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடியோ கேம் கருவிகளைப் பரிசோதித்து விமர்சனம் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. அலுவலகத்தில் அவருக்குக் 'குப்பைத்தொட்டி' என்று பெயர். புதுமை என்று சொல்லி எந்தக் கம்பெனி எதை அனுப்பினாலும், விமர்சனத்தின் கடைசி வரியில் அதைக் குப்பைத்தொட்டியில்தான் போடுவார். காற்றடிக்கும் கையுறை, இடுப்பைப் பதம் பார்த்த நாற்காலி, புகை வாசனை விடும் தலைக்கவசம் எல்லாம் அங்கே போய்விட்டன. தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். ஆட்டம் நன்றாக இருந்தால் நான்கு பொத்தான் போதும் என்பது அவர் கட்சி.

இந்த ஜோடியின் வித்தை, பிடி. ஒருவர் தன் கன்ட்ரோலரை எப்படிப் பிடிக்கிறாரோ அதே அழுத்தமும் சூடும் மற்றவர் கைக்குப் போய்ச் சேருமாம். தொலைவில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டே ஆடலாம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். படித்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆட அவருக்கும் ஒருவன் இருந்தான். எட்டு வயது மகன். போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம்தான், ஆனாலும் அறை இருட்டிவிட்டது. விளக்கைப் போட எழுந்திருக்கத் தோன்றாமல், புதுப் பிளாஸ்டிக்கின் நெடியும் ஜன்னலோரத்து ஈரச் சுவரின் வாடையும் கலந்த மங்கலில், திரையின் நீல வெளிச்சம் முழங்காலில் விழ, கன்ட்ரோலரின் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகி வருவதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சூடாகிறது என்று சொல்லிக்கொண்டார். அணைத்துப் பார்த்தார். சூடு போகவில்லை. மிச்ச மின்சாரம் என்று சொல்லிக்கொண்டார். இடப்பக்கம் ஒரு முழுக் கையின் அழுத்தம் இருந்தது. வலப்பக்கம் ஒரே ஒரு விரல். இரண்டு குத்து, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு குத்து.

மகனுக்குக் கட்டைவிரல் பொத்தானுக்கு எட்டாது. ஆள்காட்டி விரலால்தான் குத்துவான். கோழி கொத்துகிற மாதிரி ஆடுகிறான் என்று அவன் அம்மா கேலி செய்வாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். உறை பிரிக்காத இரண்டாவது கன்ட்ரோலரின் பொத்தான் உறைக்குள்ளேயே அமுங்கி எழுந்தது. டக் டக். டக்.

மகனை நினைத்து அவருக்குப் பயம் வரவில்லை. மனைவியை நினைத்துத்தான் வந்தது. ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள், போன வாரம்தான் தையல் கடைக்கு மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். நேற்று யாரும் சொல்லாமலே தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். இந்தப் பொம்மை அவளைத் திரும்ப அந்தப் படுக்கையிலேயே தள்ளிவிடும். அவர் பெட்டியை அவசரமாக மூடி, மேலே தலையணையை வைத்து அழுத்தினார். தலையணைக்கு அடியிலும் சத்தம் நிற்கவில்லை.

"யாரு ஆடறது?"

மனைவி வாசலில் நின்றாள். மகன் போன பிறகு அவள் இந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

"நான்தான். ஆபீஸ் வேலை. நீ போ."

"நீங்க இப்படி ஆட மாட்டீங்க."

உள்ளே வந்தாள். அவர் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்தாள். பிடித்தவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"நம்ம குட்டிதாங்க," என்றாள்.

"மெஷின்மா இது. ஏதோ கோளாறு. இரு, காட்டறேன்."

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஜோடிக் கருவி எது வந்தாலும், மறுமுனையைத் தானே பிடித்துப் பார்த்துத்தான் அதன் பித்தலாட்டத்தை வெளியே கொண்டுவருவார். தன் பிடி அவள் கைக்குப் போகட்டும். போனால், இவ்வளவு நேரம் வந்ததும் இயந்திரத்தின் பிடிதான் என்று அவளுக்கே விளங்கிவிடும். அழுவாள். அவர்மேல் கோபப்படுவாள். ஆனால் நாளைக்கு வேலைக்குப் போவாள். அவருக்கு அது போதும்.

உறையைக் கிழித்தார். பேட்டரியைப் போட்டார். இறுக்கிப் பிடித்தார்.

பிளாஸ்டிக் கையில் படவில்லை.

கன்ட்ரோலருக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவே வேறு எதுவோ இருந்தது. மெத்தென்று. வியர்த்து. சின்னச் சின்ன விரல் முட்டிகள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"மெதுவா புடிங்க," என்றாள் மனைவி. "அவனுக்கு வலிக்குது."

பிடியைத் தளர்த்தினார். உடனே அந்தக் கை நழுவியது. அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள். பதறிப்போய் மறுபடி பிடித்தார்.

மனைவியின் சிரிப்பு போய்விட்டது.

"விடாதீங்க."

"விடல."

"பயப்படறான். விட்டுடாதீங்க."

இறுக்கினால் வலிக்கும். தளர்த்தினால் போய்விடும். இத்தனை வருடம் எதையும் நம்பாமலே பிழைத்தவருக்கு இப்போது நம்பாமல் இருக்க வழியில்லை.

"அப்பா இருக்கேன்டா," என்றார்.

சின்ன விரல்கள் அவர் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டன. நான்கும். இறுக்கமாக.

மழைச் சத்தம் நின்றிருந்தது.

அப்போது அந்த விரல்களின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது. பெரிய கை. ஜில்லென்று. அதற்கு அவசரமே இல்லை. தடவித் தடவி மகனின் சுண்டுவிரலைக் கண்டுபிடித்தது. அவர் கட்டைவிரலிலிருந்து அதைப் பிரித்தது.

மனைவி அலறினாள்.

அது அடுத்த விரலைத் தேடிக்கொண்டிருந்தது.