இடது பின்சக்கரம்

கொழிஞ்சாம்பாறை கடைவீதி முடியும் இடத்தில் இருந்தது சந்துருவின் தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். நண்பகலில் ஈஸ்வரன் அங்கே காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். போன வாரம் வாங்கிய பழைய கார். ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. இருட்டும் முன் மறையூர் மலையேற வேண்டும். வளைகாப்பு முடிந்து மனைவி கிருத்திகாவைத் தாய்வீட்டில் விடப் போகிறான்.

"சடன் பிரேக் போட்டாச் சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கறது இதுதானுங்ணா. மலைல இது இல்லாம ஆவாதுங்க," என்றான் சந்துரு.

காரை முழுதாகத் தூக்கி நிறுத்தி ஸ்கேனரை மாட்டினான். நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் அசையாமல் தொங்கின. திரையில் மூன்றின் வேகம் பூஜ்யம். இடது பின்சக்கரம் மட்டும் நாலு கிலோமீட்டர்.

சென்சார் கோளாறாக இருக்கும் என்று வலப்பக்கத்துச் சென்சாரைக் கழற்றி அங்கே மாட்டினான். எண் மாறவில்லை. கடைசியில் அதையும் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

நாலு.

பனைகளை உலுக்கிக்கொண்டிருந்த காற்று நின்றது. பிரேக் ஆயில் வாடையினூடே எங்கிருந்தோ ஈரமண் வாடை. மழை பெய்து மாதமாகிறது.

டாக்டர் சொன்னபடி கிருத்திகா கொட்டகைக்குள் விடாமல் நடந்துகொண்டிருந்தாள்.

"இந்த நடைக்குப் புள்ள பொறந்ததுமே ஓடப்போகுது அம்மிணி," என்றான் ஈஸ்வரன்.

"உங்க காரவிட நல்லாவே ஓடும் மாமா." சிரித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பூஜ்யம்.

சந்துரு திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். "அக்கா, இன்னொருக்கா நடங்க."

நாலு.

அவள் நின்றாள். பூஜ்யம். ஈஸ்வரன் நடந்து பார்த்தான். பூஜ்யம்தான்.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க தம்பி," என்று ஈஸ்வரன் காதோரம் கிசுகிசுத்தான். "எதுவா இருந்தாலும் இந்த வண்டியோடவே கெடக்கட்டும். நாங்க பஸ்ஸுல போயிக்கறோம்."

பொள்ளாச்சி பஸ் வந்தது. மனைவியைக் கைப்பிடித்து ஏற்றினான். ஜன்னலோரத்திலிருந்து கிருத்திகா சந்துருவுக்குக் கையசைத்தாள்.

பஸ் கிளம்பியது.

நிம்மதியாக மூச்சுவிட்டு, ஸ்கேனரை எடுக்கக் குனிந்தான் சந்துரு.

பத்து.

சக்கரத்தைப் பார்த்தான். அது அசையவில்லை.

இருபத்தெட்டு.

ஈஸ்வரனைப் போனில் அழைத்தான்.

"சொல்லுங்க தம்பி," என்றது களைத்த குரல். "அந்த வண்டிய உட்டப்புறந்தான் உசுரே வந்துது. கிருத்தி தோள்ல சாஞ்சு தூங்கறா."

சந்துரு போனை வைத்துவிட்டு ஸ்கேனரின் ஒயரைப் பிடுங்கினான்.

நாற்பத்தொன்று.