எலும்பின் கனம்

பக்கத்து அறையில் ஸ்ரீலேகா பேசிக்கொண்டிருந்தாள். கூடத்து சோபாவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளும் ஸ்ரீலேகாதான்.

மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பக்கமிருந்து பேருந்துகளின் உறுமலும், கீழ்வீட்டில் தேங்காயெண்ணெய் காயும் வாசனையும் மாலை வெயிலோடு ஜன்னலேறி வர, அவள் உதடுகள் மூடியே இருந்தன. குரல்நாண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரகசியக் குரல்கூடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. புறநகர் கல்யாணில் இருக்கும் அம்மா பானுமதி ரத்த அழுத்தக்காரி. அவளிடம் விஷயத்தை மறைத்தாயிற்று. தினசரி ஃபோனுக்கு என்ன வழி? "அதை நான் பாத்துக்கறேன்" என்ற கணவன் கௌசிக், சிகிச்சைக்கு முன்பே அவளைப் பக்கம் பக்கமாய்ப் படிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டான். இனி மடிக்கணினி அவள் குரலில் பேசும் என்றான். அவள் நம்பிக் கொடுத்தாள்.

எப்போதும் சாத்தியிருக்கும் கதவு இன்று ஒருக்களித்திருந்தது.

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள் அவள். பதிவில் கேட்கும் சொந்தக் குரல் எவருக்குமே மெலிந்து, அந்நியமாய் ஒலிக்கும். பேசும்போது நம் குரலை நாம் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டின் வழியாகவும் கேட்கிறோம், தாழ்ந்த அதிர்வுகளை எலும்புதான் சுமந்து வருகிறது. அந்தக் கனம் பேசுகிறவருக்கு மட்டுமே கேட்கும். எந்த மைக்குக்கும் எட்டாது.

பக்கத்து அறைக் குரலில் அந்தக் கனம் இருந்தது.

விரல்களைத் தொண்டையில் வைத்தாள். தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

"இப்பத்தான்டி பிரியமாப் பேசறே" என்றாள் அம்மா, ஸ்பீக்கரில். "முன்னெல்லாம் வள்ளுனு விழுவே."

அந்தக் குரல் சிரித்தது. ஸ்ரீலேகாவின் நெஞ்சிலிருந்து மூச்சு உருவப்பட்டது.

கௌசிக் வெளியே வந்தான். அவள் செல்ஃபோனில் தட்டி நீட்டினாள்: 'நிறுத்து. அது என்னிடமிருந்து எடுக்கிறது.'

அவன் நிதானமாகப் படித்தான். "தெரியும். முதல் நாளே பாத்தேன். நீ தூங்கிண்டிருந்தே, அது பேசப் பேச உன் கழுத்து அசைஞ்சுது."

அவள் திரையில் 'நிறுத்து' என்ற சொல்லை மறுபடி தொட்டுக் காட்டினாள்.

"அதோட இருக்கறது சுலபமா இருக்கு, லேகா. எதிர்த்து ஒரு வார்த்தை வராது."

டாக்டரின் கட்டளையை மீறி வாயைத் திறந்தாள். அம்மாவைக் கூப்பிட வேண்டும். நுரையீரலிலிருந்து காற்று எழும். நாண்கள் நெருங்கி அதிரும். வாய் அதைச் சொல்லாக்கும். எழுந்தது காற்று மட்டும்.

"அம்மா" என்றது பக்கத்து அறை.

"சொல்லுடி."

சொல்லத் தொடங்கியது. நிறுத்தவில்லை. மாதுங்கா மார்க்கெட், முருங்கைக்காய், மழை. ஒரு வாக்கியத்தின் வாலில் அடுத்தது. இடைவெளி இல்லை.

"நடுவுல மூச்சு விட்டுண்டு பேசேன்டி."

"நான் எதுக்கும்மா மூச்சு விடணும்?"

கௌசிக் உள்ளே போனான். நாற்காலியை மடிக்கணினிக்கு எதிரே இழுத்துப் போட்டான். முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, புன்னகையோடு கேட்டான்.

கூடத்தில் அவள் வாய் திறந்தபடியே இருந்தது, காற்று உள்ளே வரவில்லை. விலா எலும்புகள் உள்வாங்கின. இன்னும் உள்வாங்கின. தொண்டை மட்டும் ஓயாமல் துடித்தது.