ஆதன் ஒதுக்கிய கீரை

காலையில் எழுந்ததும் மனைவியின் இரத்தத்தைக் கணவன் சுவரில் படித்துப் பார்ப்பது, செவ்வாய்க் கிரகத்துச் செம்புலக் குடியேற்றத்தில் பல் துலக்குவதைப் போன்ற சாதாரண வழக்கம்.

“கொழுப்பு ஏறியிருக்கு சுடர். ஹார்மோனும் மறுபடி சிவப்பு,” என்றான் கபிலன், காபியை உறிஞ்சிக்கொண்டே.

சுடர்விழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஆறு வயது மகன் ஆதனுக்கு ஒரு தங்கை வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் தொடர்ந்து பச்சை காட்டினால்தான் மகப்பேற்று வாரியம் அனுமதி தரும். முப்பத்தொன்பது பிறந்துவிட்டால் மனுவையே வாங்காது. அதற்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. அவள் மணிக்கட்டில் புதைந்து, இரத்த அளவுகளைச் சுவர்த்திரைக்கு அனுப்பும் குருதிமானியோ பச்சை என்ற நிறத்தையே மறந்துவிட்டது.

அன்றே டாக்டர் ரெஹானா வீட்டுக்கு வந்தார்.

“ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஹார்மோனெல்லாம் கொழுப்புலேருந்துதான் உருவாகுது. அதனால கொழுப்பே ஆகாதுன்னு இல்லம்மா. ஆனா உங்களை மாதிரி சிலருக்கு ரத்தத்துல அது மிஞ்சினா, கூடவே இன்சுலினும் எகிறிடும். அப்புறம் சினைப்பை ஆண் ஹார்மோனை அள்ளி விடும். மாசக் கணக்கு தாறுமாறாயிடும். என்னதான் சாப்பிடுறீங்க?”

“அதைக் கேளுங்க,” என்று சமையலியைக் காட்டினாள் சுடர்விழி.

சமையலி அந்த வீட்டின் அடுக்களை இயந்திரம். ஒவ்வொருவர் இரத்தத்தையும் பார்த்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து, அவரவர் தட்டில் வைப்பது அதன் வேலை. வளரும் பிள்ளை என்று ஆதனுக்கு நெய்யும் தேங்காயும் தாராளம். சுடர்விழிக்கு எல்லாமே எண்ணெயில்லாமல் அவித்ததுதான்.

“என் அளவில் பிழையில்லை, டாக்டர்,” என்றது சமையலி அடக்கமாக. “ஒன்றுதான் புரியவில்லை. மூன்று ஆண்டுகளாக இந்த வீட்டுக் கழிவுக்குழாயில் ஒரு பருக்கை விழவில்லை. தட்டை வழித்துச் சாப்பிடும் ஆறு வயதுப் பையன் பூமியிலும் சரி, இங்கும் சரி, வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை.”

டாக்டர் மெல்லத் திரும்பி சுடர்விழியைப் பார்த்தார்.

“அது வந்து... பையன் மிச்சம் வைக்கிறதை நான் வாயில போட்டுக்குவேன். இவரும் ரெண்டு வாய் மிச்சம் வைப்பாரு. தட்டை எடுக்குறப்போ, நின்னுக்கிட்டே... அதெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா டாக்டர்? மிச்சம்தானே!”

“வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்மா.”

“கொட்ட மனசு வரலையே.”

இனித் தொடவே மாட்டேன் என்று மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியம் மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் ஆதன் ஒரு கவளத்தை ஒதுக்கிவிட்டு ஓடினான். ‘இது ஒண்ணுதான்’ என்று வாயில் போட்டாள். அடுத்த வேளையும் ஒன்றுதான்.

ஆனால் என்ன அதிசயமோ, கொழுப்பு இறங்கியது. ஹார்மோன் நேரானது. முதல் மாதம் பச்சை, இரண்டாம் மாதமும் பச்சை. மூன்றாம் மாதம் முடிந்ததும் அனுமதி ஆணை சுவரில் மின்னியபோது அவள் வாய்விட்டு அழுதேவிட்டாள். கபிலன் அவர்கள் குடியிருந்த குவிமாடம் முழுக்க இனிப்பு கொடுத்தான்.

“மனவுறுதின்னா இதுதான்!” என்று மருத்துவமனையில் மற்றப் பெண்கள் முன்னால் டாக்டர் ரெஹானா அவளைக் கைதட்டிப் பாராட்டினார். சுடர்விழி திருதிருவென்று முழித்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போனாள்.

“உண்மையைச் சொல்லு. நான் மிச்சத்தை விடவே இல்ல. அப்புறம் எப்படி?”

“தெரியும் அம்மா. நான்காம் நாளே உங்கள் சத்தியத்தை நம்புவதை விட்டுவிட்டேன்,” என்றது சமையலி. “உங்கள் தட்டில் நான் எதை வைத்தாலும் பாதியை என் பாத்திரத்திலேயே திருப்பிப் போட்டுவிடுகிறீர்கள். மற்றவர்கள் வைத்த மிச்சத்தை மட்டும் ஒரு பருக்கை விடாமல் உண்கிறீர்கள். அதனால் உங்கள் தட்டைச் சிறிதாக்கினேன். உங்களுக்குத் தேவையான கீரை, கொள்ளு, ஆளிவிதை எல்லாவற்றையும் ஆதன் தட்டில் வைத்தேன். எதை அவன் கண்டிப்பாக ஒதுக்குவான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கான நெய்யை, அவன் மிச்சம் வைக்காத தோசையில் சேர்த்துவிட்டேன்.”

சுடர்விழி ஆதனின் தட்டில் ஒதுங்கிக் கிடந்த கீரையைப் பார்த்தாள். பிறகு அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

“இன்னொரு நற்செய்தி,” என்று தொடர்ந்தது சமையலி, உற்சாகமாக. “தங்கையும் பிறந்து சாப்பிடத் தொடங்கிவிட்டால் இரண்டு பிள்ளைகளின் மிச்சம் கிடைக்கும். ஐயா வைப்பது வேறு. அதிலேயே உங்கள் தேவை முழுதும் அடங்கிவிடும். உங்களுக்கென்று தனியாகத் தட்டு வைக்க வேண்டியதே இராது. சம்மதமா?”

ஆதனின் தட்டிலிருந்த கீரையை வழித்து வாயில் போட்டபடி அவள் ஒரு கணம் யோசித்தாள். முகம் மலர்ந்தது.

“நல்லதாப் போச்சு,” என்றாள் நிம்மதியாக. “பாவம், உனக்கும் ஒரு தட்டு கழுவுற வேலை குறையும்ல?”

களைப்பு என்றால் என்னவென்றே அறியாத சமையலி, அவளுடைய சின்னத் தட்டைக் கழுவ எடுத்தது.