தரையில் தேங்கியது

தீக்குச்சி மூன்றாவது முறையும் அணைந்தது.

பட்டப்பகலிலேயே கொசு பிய்த்துத் தின்கிறதே, பிள்ளைகளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கொசுவத்தியோடு வந்த தையல்காரி, பள்ளமான பின்னறைக்கு இறங்கும் மூன்று படிகளில் மேல்படியில் நின்றபடி, அதைக் கடைசிப் படியில் வைத்துப் பற்றவைக்கப் பார்த்தாள். மேலே நன்றாக எரிந்த சுடர், கீழே கொண்டுபோனதும் பொசுக்கென்று போனது. எரிமலைச் சாம்பல் வருகிறதென்று ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்தாயிற்று. காற்று எங்கிருந்து வரும்?

"எழவெடுத்த தீப்பெட்டி, நமுத்துப்போச்சு."

மலை குமுற ஆரம்பித்துப் பத்து நாள். பூமி ஆடி ஆடி, பின்னறைத் தரை கைவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. ஆட்டம் வந்தால் மேசைக்கு அடியில் போங்கள் என்று மைக் வண்டியில் சொல்லிப் போனார்கள். இவள் பிள்ளைகளின் படுக்கையையே பின்னறை மேசைக்கு அடியில் போட்டுவிட்டாள். லாரி ஓட்டும் புருஷன் புறப்படும்போதுகூட, "கட்டில்லயே படுக்கட்டும், விடேன்" என்றான். "உங்களுக்கென்ன, வண்டியேறிப் போயிடுவீங்க" என்று அவன் வாயை அடைத்தாள்.

அரைமணிக்கு முன் பெரியவள் சிணுங்கினாள்.

"அம்மா, மூக்கு எரியுது. வெளியே வரட்டுமா?"

"தூங்காம இருக்க ஒரு சாக்கு! காலை வெளியே வெச்சே, தோலை உரிச்சிடுவேன்."

அப்புறம் சத்தமே இல்லை. சமர்த்துகள் என்று நினைத்துச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

இந்தமுறை வத்தியைக் கையிலேயே பற்றவைத்து இறக்கினாள். கங்கு அவிந்தது. புகை மேலே வரவில்லை. இழை இழையாக இறங்கி, முழங்கால் உயரத்தில் நின்று, விரித்த துணிபோல் பரவியது. ஒரு சுருக்கம் இல்லை. சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம் வந்தது.

தெருவில் மைக் வண்டி கத்திக்கொண்டு போனது. "பூமியிலேருந்து விஷக்காத்து வருது! கனமான காத்து, பள்ளத்துல தேங்கும்! யாரும் தரையில படுக்காதீங்க!"

ஐயோ!

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேசைக்கு அடியில் கையை விட்டாள். அகப்பட்ட காலை இழுத்தாள். பெரியவள். மேசைமேல் போட்டுத் தானும் ஏறினாள்.

"கண்ணு, எந்திரிடி. அம்மா அடிக்கமாட்டேன்டி."

உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை.

அப்போது கீழே இருமல் கேட்டது.

சின்னவள். தலையணைமேல் தலையணை அடுக்கிப் படுப்பவள். உயிரோடு இருந்தவளை விட்டுவிட்டுச் செத்தவளைத் தூக்கியிருக்கிறாள் பாவி.

இறங்கக் காலை நீட்டினாள். வீடு ஆடியது. விரிசல் உஸ்ஸென்றது. புகை உயர்ந்தது. மேசை மட்டம். பெரியவளின் முகத்தை மூடியது.

புகைக்கு மேலே ஒரு சின்னக் கை எழுந்து துழாவியது. பாய்ந்து பிடித்தாள். தூக்கக் குனிந்தாள். மூச்சு முட்டியது. தன்னையறியாமல் இழுத்துவிட்டாள், ஒரே ஒரு மூச்சு.

முழங்கால் மடங்கியது. கண் இருட்டியது.

பிஞ்சு விரல்கள் அவள் கையை விடவில்லை. கீழே இழுத்தன.