மூக்குக்கண்ணாடி போட்ட கார்டு

அந்தப் பள்ளிக்கூடத்தின் மூன்றாவது மாடியில், உருண்டைக் கூரை போட்ட ஒரு அறை இருந்தது. அதன் நடுவில் ஒரு இயந்திரம். ராட்சத எறும்பு ஒன்று பின்னங்கால்களில் எழுந்து நிற்பதுபோல இருக்கும். உடம்பு முழுக்கக் கண்கள். எத்தனை கண்கள் என்று எண்ணப் போனவர்கள் பாதியிலேயே தூங்கிவிட்டார்கள். விளக்கை அணைத்து அதை ஓடவிட்டால், ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வெளிச்சம் கிளம்பிக் கூரையில் நட்சத்திரமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள்தான் அந்த அறைக்குள் போகலாம் என்பது பள்ளிக்கூடச் சட்டம்.

திருகாணி ஐந்து வருடமாகக் காத்திருந்தாள்.

திருகாணி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. மூன்று வயதில், வீட்டிலிருந்த நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றிலும் இருந்த திருகாணிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தாள். ஒரு வாரம் அந்த வீட்டில் யார் எதன்மேல் உட்கார்ந்தாலும் தரையில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அன்று ஒட்டிய பெயர் அது.

"அந்த அறை எப்படிண்ணா இருக்கும்?" என்று அண்ணனிடம் கேட்பாள்.

"சொன்னா உனக்குப் புரியாது. வயசு பத்தாது" என்பான் அவன். அவனுக்கு இவளைவிட இரண்டே வயதுதான் அதிகம்.

இந்த வருடம் அவள் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். வந்த இரண்டாவது வாரமே இயந்திரம் படுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் திருகாணி மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். உருண்டை அறையைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய அத்தை. அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பழைய கம்ப்யூட்டர், மூடியைக் கழற்றிப் போட்டபடி கிடந்தது. அதுதான் எறும்பு இயந்திரத்தை ஓட்டுவது.

"டீச்சர்..." என்றாள்.

"மணி அடிச்சாச்சு. அத்தைன்னே கூப்பிடு. ஆறுதலா இருக்கும்."

"என்ன ஆச்சு அத்தை?"

"திங்கட்கிழமை காலையில இது ஓடலைன்னா, இந்த ரூம்ல உடைஞ்ச பெஞ்சையெல்லாம் அடுக்கப் போறாங்களாம். மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க. பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க."

"எத்தனை பெஞ்சு?"

"நூத்திப் பன்னெண்டு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு வச்சிருக்காங்க."

திருகாணி கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு ஊரே இருந்தது. பச்சை நிறத் தரை. அதில் முடியைவிட மெல்லிய தெருக்கள், ஆயிரக்கணக்கில், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் வளைந்து வளைந்து போயின. தண்ணீர்த் தொட்டிகள் மாதிரி குட்டி உருளைகள். ஜன்னலே இல்லாத கறுப்புக் கட்டடங்கள். ஒரு மூலையில் மட்டும், தீப்பிடித்த வீடு மாதிரி ஒரு இடம் கருகியிருந்தது.

"அதுதான் அத்தை கெட்டுப்போனதா?"

"ஆமாம். இதோ, இந்தப் பெட்டிதான் டிஸ்க். எந்த நட்சத்திரம் எங்க இருக்கணும்னு எல்லாம் இதுக்குள்ளதான் எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் முழிச்சு எழுந்திருக்கறதே இதைப் படிச்சுத்தான். டிஸ்க்லேருந்து இந்தப் பட்டை ஒயர் வந்து அந்தக் கருகின வாசல்ல சேரும். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. வாசல்தான் போச்சு."

"வேற கம்ப்யூட்டர் வாங்கிடலாமே?"

"இந்த மெஷின் வேற எதோடயும் பேசாது. அவ்வளவு வீம்பு."

திருகாணி இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஊரைப் பார்த்தாள். ஓரமாக நீளமான ஒரு வெள்ளைப் பள்ளம் காலியாக இருந்தது. பக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் ஏதோ ஒரு அட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"இந்த இடம் சும்மாதானே இருக்கு? இங்க ஒரு புது வாசல் வைக்க முடியாதா?"

அத்தை வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "டிஸ்க் கண்ட்ரோலர் கார்டு" என்றார் மெதுவாக. "அதைப் பள்ளத்துல செருகி, பட்டை ஒயரை அதுல மாட்டினா போதும். ரெண்டு வாரமா எனக்கு ஏன் இது தோணல?"

"நீங்க கருகின இடத்தையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

திருகாணி கணக்கு நோட்டின் அட்டையைக் கிழித்தாள். பள்ளத்தின் நீளத்துக்கு அதை வெட்டினாள். பள்ளத்தில் ஒரு இடத்தில் குட்டித் தடுப்பு இருந்தது. அதற்கு நேராக அட்டையில் ஒரு பல்லை வெட்டி எடுத்தாள். செருகிப் பார்த்தாள். கச்சிதம்.

ஊரில் இந்தச் சாமான் கிடைப்பது ஒயர் மாமா கடையில்தான். அந்தக் கடைக்குள் நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில்தான் நகர வேண்டும். உள்ளே போய்க் காணாமல் போனவர்கள் மூன்று பேர் என்று பேச்சு. தரையிலிருந்து கூரை வரை கார்டுகள் தொங்கின. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். கதவு திறந்த காற்றில் எல்லாம் ஒன்றாக அசைந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஊர். இத்தனை ஊர்களையும் யார் உட்கார்ந்து வரைந்திருப்பார்கள் என்று நினைத்தபோது திருகாணிக்கு லேசாகத் தலை சுற்றியது.

"என்னம்மா வேணும்?" என்றார் ஒயர் மாமா, எங்கிருந்தோ.

அவள் அட்டையை நீட்டினாள். அவர் அதை ஒரு நீல நிறக் கார்டோடு ஒட்டிப் பார்த்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"இருக்கறதுலயே புதுசு. நாலு வாசல். குதிரை மாதிரி ஓடும்" என்றார்.

சனிக்கிழமை காலை அத்தையும் மருமகளும் நீலக் கார்டைச் செருகினார்கள். பட்டை ஒயரின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மூன்று தடவை சரிபார்த்தார்கள். சுவிட்சைப் போட்டார்கள். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

டிஸ்க் எதுவும் இல்லை.

கழற்றி மாட்டினார்கள். டிஸ்க் எதுவும் இல்லை. மறுபடி. டிஸ்க் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கொட்டாவி விட்டதுபோல இருந்தது.

"நல்லாத்தானே பொருந்துச்சு" என்றாள் திருகாணி.

அத்தை கார்டோடு வந்த துண்டுத்தாளை எடுத்தார். "பொடி எழுத்தா இருக்கு. என் கண்ணாடி எங்க?" தரையைத் தடவினார். மேசையைத் தடவினார். மருமகளின் மூக்கையும் ஒருமுறை தடவினார். "இதான் பெரிய தொல்லை. கண்ணாடி கிடைக்கணும்னா கண்ணு தெரியணும். கண்ணு தெரியணும்னா கண்ணாடி கிடைக்கணும்."

கண்ணாடி கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கின் தலையில் உட்கார்ந்திருந்தது. திருகாணி அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தாளைத் தானே படித்தாள். இந்தக் கார்டு எப்படிப் பேசும் என்பதை விளக்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறதாம். அதை முதலில் டிஸ்க்கில் ஏற்றி வைக்க வேண்டுமாம்.

அவள் தாளைப் பார்த்தாள். டிஸ்க்கைப் பார்த்தாள். அத்தையின் மூக்கைப் பார்த்தாள்.

"அத்தை, கம்ப்யூட்டரும் உங்களை மாதிரியேதான் முழிக்குது."

"என்னடி சொல்றே?"

"கார்டு பேசறது புரியணும்னா டிஸ்க்கைப் படிக்கணும். டிஸ்க்கைப் படிக்கணும்னா கார்டு பேசறது புரியணும். கண்ணாடியைத் தேடறதுக்கே கண்ணாடி கேக்குது."

அத்தை நீலக் கார்டைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு, "அப்போ என்ன செய்யறது?" என்று கேட்டார்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டே வர்ற கார்டா பார்க்கணும்."

கடையில் ஒயர் மாமா நீலக் கார்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "வேலை செய்யலையா?"

"இது நல்ல கார்டுதான் மாமா. ஆனா இதுக்கு முதல்ல யாராவது சொல்லிக் கொடுக்கணும். எங்களுக்கு, டிஸ்க் முழிக்கறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, தானாவே பேசத் தெரிஞ்ச கார்டு வேணும்."

ஒயர் மாமா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். அவர் ஒயரைக் கீழே வைத்ததை அந்தத் தெருவில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். எல்லாரும் எவ்வளவு வேகம்னு கேப்பாங்க. எத்தனை வாசல்னு கேப்பாங்க. இதை ஒருத்தரும் கேட்டதில்லை." மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். அதன்மேல் இருந்த தூசியில் ஒரு மரம் நடலாம். "தானாப் பேசற கார்டுன்னா, அதுல தனியா ஒரு குட்டிக் கறுப்புச் சிப் இருக்கும். பேச வேண்டியதெல்லாம் அதுலயே எழுதியிருக்கும். இந்தப் பெட்டியில இருந்தா உண்டு. பாரு."

திருகாணி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சில கார்டுகளில் சிப் இருந்தது, அட்டையோடு பொருந்தவில்லை. சில பொருந்தின, சிப் இல்லை. ஒன்றில் சிப் உட்கார வேண்டிய இடம்கூட வரைந்திருந்தது, ஆனால் வீடு கட்டாத மனை மாதிரி வெறும் இடம். முப்பது கார்டு பார்த்தாள். நாற்பது பார்த்தாள். அவளுடைய மூக்கின் நிறமே மாறிவிட்டது.

பெட்டியின் அடியில் ஒரு மங்கலான கார்டு கிடந்தது. இரண்டே வாசல். மேலே ஒரு கீறல். நடுவில், விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சிப். அட்டையை வைத்தாள். பல்லுக்குப் பல்.

"இதுவா?" என்றார் ஒயர் மாமா. "இது ரொம்ப மெதுவாப் போகுமேம்மா."

"நட்சத்திரமும் மெதுவாத்தானே மாமா போகுது."

அன்று மதியம் மறுபடியும் சுவிட்சைப் போட்டபோது, அத்தை கண்களை மூடிக்கொண்டார். திருகாணி மூடவில்லை.

கம்ப்யூட்டர் தன் வழக்கமான வரியைச் சொல்ல வருவதற்குள், திரையில் வேறொரு வரி குறுக்கே வந்தது. கார்டு பேசியது. முதலில் தன் பெயரைச் சொன்னது. பிறகு புள்ளி, புள்ளி, புள்ளி என்று தேடியது. பிறகு நிதானமாக எழுதியது: ஒரு டிஸ்க் இருக்கிறது.

அந்த நகம் அளவுச் சிப்பில் யாரோ, எப்போதோ, எங்கேயோ எழுதி வைத்த வார்த்தைகள். எத்தனையோ வருடம் மேசைக்கு அடியில் இருட்டில் கிடந்தும் ஒன்றைக்கூட அது மறக்கவில்லை. திருகாணிக்குக் கை சிலிர்த்தது.

டிஸ்க் கிர்ரென்று சுழன்றது. எறும்பு இயந்திரம் மெல்ல நிமிர்ந்தது.

அத்தையின் கை விளக்குச் சுவிட்சுக்குப் போனது. "முதல் ஆளா நீ பாருடி."

ஐந்து வருடம். திருகாணியின் கால் ஒரு அடி முன்னால் போனது. ஆனால் அவளுடைய வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர், இவளைப் போலவே வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள்.

"திங்கட்கிழமை எல்லாரோடயும் பார்க்கறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, மனசு மாறுவதற்குள் படியிறங்கி ஓடினாள். கடைசி இரண்டு படிகளை அவள் மிதிக்கவே இல்லை.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பு உருண்டை அறைக்குள் போனது. பெரிய டீச்சர் வாசலிலேயே நின்றார். பின்னால் காவலாளி, முதல் உடைந்த பெஞ்சைத் தலையில் தூக்கியபடி.

அத்தை விளக்கை அணைத்தார்.

முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒன்று. பிறகு ஒரு கைப்பிடி. பிறகு கூரை என்று ஒன்று அங்கே இல்லாமலே போனது. வானத்துக்கு அவ்வளவு உயரம் இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. எண்ணவே முடியாத நட்சத்திரங்கள், ஓசையே இல்லாமல், எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தன. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத முப்பத்தெட்டுப் பேரும் மூச்சுவிடவே மறந்து அண்ணாந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் திருகாணியின் கையைப் பிடித்தாள். யார் என்று திரும்பிப் பார்க்க இவளுக்குத் தோன்றவில்லை.

இருட்டில் பெரிய டீச்சரின் குரல் கேட்டது. மிகவும் சின்னக் குரல். "இதெல்லாம் எப்பவுமே மேல இருக்கா, டீச்சர்?"

"எப்பவுமே இருக்கு. பகல்லயும் இருக்கு. வெளிச்சத்துல நமக்குத்தான் தெரியல."

வெகுநேரம் கழித்து, காவலாளி மெதுவாகக் கேட்டார். "அம்மா, இந்தப் பெஞ்சை எங்க வைக்கட்டும்? கழுத்து வலிக்குது."

"என் ரூம்ல வைப்பா" என்றார் பெரிய டீச்சர், அண்ணாந்தபடியே. "மிச்சத்தையும் அங்கேயே வை. நாளைக்கு ஏழாம் வகுப்பு இங்க வரட்டும்."

அன்று சாயங்காலம் திருகாணி, வெயில் இன்னும் இறங்காத நீல வானத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். தெருமுனை விளக்குக் கம்பத்தில் நச்சென்று முட்டிக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க" என்று கம்பத்திடம் சொல்லிவிட்டு, தலையை இறக்காமலே நடந்து போனாள்.