மீன் இல்லாத தொட்டி

கதவை யாரோ உடைக்கிற மாதிரி இடித்தார்கள். மீன் பண்ணையின் தொட்டி அறையில், நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த டோலிபெட் திடுக்கிட்டு விழித்தாள். அமேசான் கரை நகரமான இக்கித்தோஸின் மத்தியான மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலைமுடியும் சட்டையும் நனைந்திருந்தன. கூரை வேறு ஒழுகித் தொலைக்கிறது.

"டோலி! கதவைத் திற!" செகுந்தோவின் குரல். மீன்களைப் பையில் அடைத்து விமானத்துக்கு அனுப்புகிறவன்.

"ஏன்டா கத்துற? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கதவு கிடக்கட்டும், முதலில் தொட்டி.

ஒரு மாதமாக இந்த வெள்ளைப் புள்ளி நோய் அவள் உயிரை வாங்கியது. உப்புப் போட்டாள், பச்சை மருந்து ஊற்றினாள். மீன்மேலிருந்து புள்ளி உதிரும். நாலு நாளில் திரும்பி வரும். புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுண்ணி; உதிர்ந்தது தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, வெடித்து, நூறு குஞ்சாகிவிடும். இரண்டு நாளுக்குள் தின்ன ஓர் உடம்பு கிடைக்காவிட்டால் அத்தனையும் செத்துப்போகும். அதனால்தான் மீன்களை எல்லாம் வாரி எடுத்துவிட்டு, அந்தப் பெரிய சிமென்ட் தொட்டியை மூன்று நாள் வெறும் தண்ணீராக விட்டிருந்தாள். அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உள்ளேயே காவல் கிடந்தாள். இந்த முறையும் தோற்றால் வேலையை விட்டுப் போய்விடு என்று முதலாளி சொல்லியாயிற்று.

காற்றடிக்கும் பம்பு நின்று மூன்று நாளாகிறது. ஆனாலும் தண்ணீர் மெல்ல, ஏதோ இப்போதுதான் எழுந்து போனது போல, இரு பக்கமும் மோதி அசைந்துகொண்டிருந்தது. கோழையும் சேறும் கலந்த வாடை. தரையெல்லாம் ஈரம்.

ஒரு சொட்டு எடுத்தாள். நுண்ணோக்கியில் வைத்தாள். குனிந்தாள்.

ஒன்றும் இருக்கக் கூடாது.

இருந்தன. நூற்றுக்கணக்கில். கொழுத்து, உருண்டு, சுழன்றுகொண்டு.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பூட்டைத் திறந்து கதவைப் படாரென்று இழுத்தாள்.

"உள்ளே வா! பூட்டின அறைக்குள்ள எப்படிடா வந்தே? எந்த நேரத்துல இதுல வலையை முக்கின? உடம்பே இல்லாம இதுங்க எதைத் தின்னு இப்படிக் கொழுத்திருக்கு, சொல்லு!"

செகுந்தோ வாசலிலேயே நின்றான். கையில் கதவை உடைக்கக் கொண்டுவந்த கடப்பாரை. தொட்டியை அவன் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்தான். அவள் ஓர் அடி எடுத்து வைத்ததும் பின்னால் நகர்ந்தான்.

"என்னடா முழிக்கிற? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவன் கடப்பாரையைக் குறுக்கே பிடித்துக்கொண்டான்.

"கம்பிவலை ஜன்னல் வழியாப் பார்த்தேன், டோலி. மூணு நாளா மத்தியானம் ஆனா நீதான் அந்தத் தொட்டிக்கு அடியில மல்லாந்து கிடக்கிற. சூட்டுக்குத்தான் இறங்குறியோன்னு நினைச்சேன். இன்னைக்கு ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன்... ஒரு தடவைகூட நீ மூச்சு விட மேல வரல."